எல்லீஸ் துரையும் உத்தியோகஸ்தர் கல்வியும்

ஒரு ராஜாங்கம் நல்லதா கெட்டதா என்பதைக் கோட்டையில் வீற்றிருப்பவர்களைப் பார்த்து ஜனங்கள் தீர்மானிப்பதில்லை. தாலுகாக் கச்சேரியின் தாழ்வாரத்தில் மனுவைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் குடியானவனுக்கு, அந்த மனுவை வாங்கிப் படிக்கும் உத்தியோகஸ்தர்தான் ராஜாங்கம். அவர் சொல்வது அவனுக்கு விளங்க வேண்டும். அவன் சொல்வது அவருக்கு விளங்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாத இடத்தில் எத்தனை நல்ல சட்டம் இயற்றினாலும் அது ஏட்டுச் சுரைக்காயாகவே முடியும். ஆகையால் உத்தியோகஸ்தர்களுக்கு எதைக் கற்பிப்பது, யாரைக் கொண்டு கற்பிப்பது என்னும் கேள்விகள் ஏதோ இலாகாவின் சில்லறை விவகாரங்கள் அல்ல. குடிமக்களின் சுகதுக்கங்கள் அவற்றைச் சார்ந்தே நிற்கின்றன.

இக்கேள்விகளுக்குச் சென்னையில் இருநூறு வருஷங்களுக்கு முன்பே விடை தேடிய ஒருவர் உண்டு. அவர் நம்மவர் அல்லர். நம்மை ஆளவந்த கும்பினியின் ஊழியர். ஆயினும் தமிழ் மக்கள் அவரை எல்லீசர் என்றும் எல்லீஸ் துரை என்றும் உரிமையோடு அழைத்து வந்திருக்கின்றனர். பிரான்சிஸ் வைட் எல்லீஸ் என்னும் அப்பெரியாரின் தமிழ்ப் பற்றைப் பற்றிப் பலரும் பேசுகிறார்கள். அவர் உத்தியோகஸ்தர்களுக்கென ஏற்படுத்திய கல்லூரியைப் பற்றிப் பேசுவோர் சிலரே. அவருடைய சரித்திரத்தை அந்த வழியாக இன்று நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

எல்லீஸ் 1777-ஆம் ஆண்டில் பிறந்தவர். 1796-இல், ஏறக்குறையப் பத்தொன்பது வயது வாலிபராகச் சென்னைக்கு வந்து சேர்ந்தார். அக்காலத்தில் கும்பினி வேலைக்கு வருகிறவர்களின் முதற்பதவிக்கு எழுத்தர் என்று பெயர். கும்பினி வியாபாரக் கூட்டமாக இருந்த நாளில் அப்பெயர் பொருத்தமாகவே இருந்தது. துணியையும் மிளகையும் கணக்கெழுதுவதற்கு எழுத்தர் போதும். ஆனால் திப்பு சுல்தான் 1799-இல் வீழ்ந்தான். 1801-இல் கர்நாடக நவாபின் ராஜ்யமும் கும்பினியின் வசமாயிற்று. தெலுங்குக் கடற்கரையிலிருந்து திருநெல்வேலிச் சீமை வரையில், மேற்கே மலையாளம், கன்னடம் உட்படப் பெரும் பிரதேசம் ஒரு வியாபாரக் கூட்டத்தின் கையில் அகப்பட்டது. நேற்றுவரை கணக்கெழுதிய வாலிபர்கள் இன்று வரி வாங்கவும், வழக்குத் தீர்க்கவும், சிறையில் அடைக்கவும் அதிகாரம் பெற்றார்கள். அந்த ஜனங்களின் பாஷை மட்டும் அவர்களிற் பெரும்பாலோருக்குத் தெரியாது.

பாஷை தெரியாத அதிகாரியின் கீழ் என்ன நடக்கும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. அவருக்கும் ஜனங்களுக்கும் நடுவே ஒரு துபாஷி நிற்பார். துரை கேட்பது துபாஷியின் காதால். துரை பேசுவது துபாஷியின் வாயால். நியாயத்திற்கு வழி அந்த ஒரு வாசலாகவே இருந்தால், வாசற்காப்பவன் விலை கேட்பது ஆச்சரியமன்று. துபாஷிகளில் யோக்கியர்களும் இருந்தார்கள். குற்றம் மனிதரிடத்தில் இருந்ததைக் காட்டிலும் ஏற்பாட்டிலேயே அதிகமாக இருந்தது.

இந்தக் குறையைக் கும்பினியாரும் உணராமலில்லை. கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி 1800-இல் கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரியை ஏற்படுத்தினார். அங்கே பாரசீகமும் ஹிந்துஸ்தானியும் வங்காளியும் முதன்மை பெற்றன. இங்கிலாந்திலே 1806-இல் கும்பினிக் கல்லூரி ஒன்று ஏற்பட்டு, பின்னர் ஹெய்லிபரியில் நிலைபெற்றது. சென்னையிலோ, பாஷைப் பரீட்சையில் தேறியவருக்கு 1000 வராகன் வெகுமதி கொடுக்கும் வழக்கம் இருந்தது. வெகுமதி நல்லதுதான். ஆனால் வெகுமதிக்காகப் படித்த படிப்பு வெகுமதி கிடைத்த மறுநாளே கரைந்துபோவதும் மனித சுபாவம்.

எல்லீஸ் இந்த வருஷங்களில் சும்மா இருக்கவில்லை. வருவாய்த் துறையில் சிறு பதவிகளை வகித்து, 1802-இல் வருவாய்ப் போர்டின் காரியதரிசியானார். 1806-இல் மசூலிப்பட்டணத்தில் ஜில்லா நீதிபதியாக நியமிக்கப்பட்டார். அது தெலுங்கு நாடு. வழக்காடுவோரின் பேச்சு இன்னதென்று தெரியாமல் நீதிபதியின் ஆசனத்தில் அமர்வதன் பொருள் என்ன என்பதை அங்கே அவர் நேரில் கண்டிருப்பார். சென்னைக்குத் திரும்பி, 1810-இல் சென்னைக் கலெக்டரானார். தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதமும் கற்று, பண்டிதர்களோடு நூற்பொருள் ஆராயும் நிலைக்கு அதற்குள் உயர்ந்திருந்தார்.

இவ்வனுபவங்களின் பயனாக எழுந்ததே செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி. அவர் முதன்மையாக இருந்த ஒரு கமிட்டி திட்டம் வகுத்தது; 1812-இல் கல்லூரி ஏற்பட்டது. அதை நடத்திய மேற்பார்வைச் சபைக்கும் அவரே உயிராக விளங்கினார். சீமையிலிருந்து புதிதாக வரும் இளம் உத்தியோகஸ்தர்கள் நேரே ஜில்லாக்களுக்குப் போகாமல் முதலில் இங்கே சேர்ந்து தென்னாட்டு பாஷைகளைக் கற்க வேண்டும். பரீட்சை கொடுக்க வேண்டும். அதன் பிறகே பொறுப்புள்ள வேலை. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகியவை வெறும் பேச்சு வழக்குகளாக அன்றி, இலக்கணமும் இலக்கியமும் உடைய பாஷைகளாக இங்கே கற்பிக்கப்பட்டன.

இக்கல்லூரியின் சிறப்பு இத்துடன் முடியவில்லை. இது வெள்ளைக்கார வாலிபர்களுக்கு மட்டும் ஏற்பட்ட பள்ளிக்கூடம் அன்று. பாஷை கற்பிக்கும் சுதேச ஆசிரியர்களும் இங்கே பயிற்றப்பட்டார்கள். ஹிந்து தர்ம சாஸ்திரத்திலும் முகம்மதிய சட்டத்திலும் சுதேச மாணவர்கள் பயிற்சி பெற்று, கோர்ட்டுகளில் சட்ட உத்தியோகஸ்தர்களாகவும் வக்கீல்களாகவும் போக வழி செய்யப்பட்டது. அதிகாரியைப் பயிற்றுவதற்கு ஆசிரியர் வேண்டும். ஆசிரியரைப் பயிற்றுவதற்கு நூல் வேண்டும். நூல் பரவுவதற்கு அச்சு வேண்டும். இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் எல்லீஸ் கவனித்தார் என்பதே அவருடைய திட்டத்தின் உயர்வு.

அக்கல்லூரியின் பண்டிதர்களுடைய பெயர்களை நாம் மறந்துவிடலாகாது. சிதம்பர வாத்தியார் தமிழுக்கும், பட்டாபிராம சாஸ்திரி சமஸ்கிருதத்திற்கும் தெலுங்குக்கும் தலைமை ஆசிரியர்களாக இருந்தார்கள். சங்கரையா எல்லீஸின் கச்சேரியிலும் ஆராய்ச்சியிலும் வலக்கையாக விளங்கினார். புதுவை முத்துசாமிப் பிள்ளை தென்ஜில்லாக்களிற் சுற்றி வீரமாமுனிவரின் நூல்களைத் தேடித் தொகுத்தார். பின்னர் 1822-இல் அம்முனிவரின் சரித்திரத்தையும் எழுதினார். தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து தமிழில் ஆக்கிய பஞ்சதந்திரக் கதை 1826-இல் வெளிவந்தது. தமிழ் உரைநடையின் வரலாற்றில் அதற்கு உரிய இடம் உண்டு. செய்யுளும் உரையுமாகவே நின்ற தமிழ்க் கல்விக்கு, எளிய வாசக நூல் என்னும் புதுத் தேவையை அதிகாரிகளின் பாடசாலை உண்டாக்கியது.

கல்லூரிக்குச் சொந்தமான அச்சுக்கூடம் ஒன்று இருந்தது. வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணம் 1813-இல் அதிலே அச்சேறியது. அவருடைய சதுரகராதி 1824-இல் வெளிவந்தது. ஏ. டி. காம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணம் 1816-இலும், மெக்கெரல் எழுதிய கன்னட இலக்கணம் 1820-இலும் கல்லூரியின் ஆதரவில் வெளியாயின. மிதாட்சரையின் வியவகாரப் பகுதியும் தமிழில் ஆக்கப்பட்டது. நீதிமன்றத்தில் எந்தச் சட்டத்தின்படி தன் பாகம் பிரிக்கப்படுகிறது என்பதைத் தமிழன் தமிழில் படிப்பதற்கு அது வழி திறந்தது. வக்கீல் தொழில் செய்து பழகிய நமக்கு இதன் அருமை நன்றாகத் தெரியும். புரியாத பாஷையில் எழுதிய தீர்ப்பு, வென்றவனுக்கும் பாதித் தோல்வியே.

காம்பெலின் தெலுங்கு இலக்கணத்தில் எல்லீஸ் எழுதிச் சேர்த்த ஒரு குறிப்பு உலகப் பிரசித்தி பெற்றது. வில்லியம் கேரி முதலிய வடநாட்டு அறிஞர்கள், தெலுங்கு உள்ளிட்ட தென்னாட்டு பாஷைகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை என்று கருதியிருந்தார்கள். எல்லீஸ் அதனை ஒப்புக்கொள்ளவில்லை. பட்டாபிராம சாஸ்திரி தொகுத்த தெலுங்கு வேர்ச்சொற்களையும், மாமிடி வெங்கய்யாவின் நூலையும் துணையாகக் கொண்டு, சமஸ்கிருத வேர்களையும் தெலுங்கு வேர்களையும் பக்கத்திற் பக்கம் வைத்துக் காட்டினார். அடுத்துத் தமிழ், தெலுங்கு, கன்னட வேர்களை ஒருங்கு வைத்துக் காட்டினார். வடமொழிச் சொற்கள் எத்தனை வந்து கலந்திருந்தாலும், இவற்றின் வேர் வேறு, குடும்பம் வேறு என்பது விளங்கிற்று. கால்டுவெல் பாதிரியாரின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது 1856-இல். அதற்கு நாற்பது வருஷங்களுக்கு முன்பே இவ்வுண்மை அச்சேறிவிட்டது. தாமஸ் டிரவுட்மன் என்னும் அமெரிக்க வரலாற்றறிஞர் 2006-இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக நிலைநாட்டியிருக்கிறார்.

இவ்வுண்மை பிறந்த இடத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும். அது ஒரு சர்வகலாசாலையில் பிறக்கவில்லை. தனிப்பட்ட பண்டிதரின் ஓய்வுவேளையிலும் பிறக்கவில்லை. உத்தியோகஸ்தர்களுக்குத் தெலுங்கு கற்பிக்க ஒரு பாடப்புத்தகம் எழுதும்போது, இந்த பாஷையை எவ்வாறு கற்பிப்பது சரி என்னும் கேள்வியிலிருந்து பிறந்தது. சமஸ்கிருதம் கற்றால் தெலுங்கு தானே வந்துவிடும் என்று எண்ணுகிறவர் ஒருவகையாகக் கற்பிப்பார். தமிழ் அறிந்தவருக்குத் தெலுங்கும் கன்னடமும் உறவென்று அறிந்தவர் வேறு வகையாகக் கற்பிப்பார். பயிற்சியை உண்மையாக நடத்தப் புகுந்தால் அது ஆராய்ச்சியில் கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

அவர் கற்பித்ததைத் தாமும் கலெக்டர் வேலையில் செய்து காட்டினார். தொண்டைமண்டலத்துக் கிராமங்களில் நிலத்திற்கு உரியவர் யார் என்னும் பெரிய வழக்கு அக்காலத்தில் எழுந்தது. நிலமெல்லாம் ராஜாவுக்கே சொந்தம், குடியானவன் வெறும் உழவன் என்று சொல்வது வரி வாங்குகிறவர்களுக்குச் சௌகரியமான வாதம். மிராசு உரிமையைப் பற்றி சர்க்கார் 17 கேள்விகள் விடுத்தது. சங்கரையாவின் துணைகொண்டு எல்லீஸ் எழுதிய விடைகள் 1818-இல் நூலாக வெளிவந்தன. கல்வெட்டுகளையும் செப்புப் பட்டயங்களையும் பழைய சாசனங்களையும் ஆராய்ந்து, காணியாட்சி என்பது தொன்றுதொட்டு வந்த உரிமை என்பதை அவர் எடுத்துக்காட்டினார். அந்தக் காணியாட்சிக்குக் கீழே அடிமைகளாய் உழைத்தவர்களின் உரிமை என்ன என்னும் கேள்விக்கு அன்றைய நியாயம் விடை கூறவில்லை என்பதையும் நாம் சொல்லாமல் விடுவது தர்மமன்று. ஆனால் பாஷை அறியாத அதிகாரியாக இருந்திருந்தால், காணி என்னும் சொல்லின் பின்னே ஒரு சரித்திரம் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரிந்திராது.

1818-இல் சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் தலையெடுத்தது. கலெக்டரான எல்லீஸ் நகரில் 27 கிணறுகள் வெட்டுவித்ததாகக் கூறப்படுகிறது. இராயப்பேட்டைப் பெரியபாளையத்தம்மன் கோயிற் கிணற்றருகே வைக்கப்பட்ட கல்வெட்டு தமிழ்ச் செய்யுளில் அமைந்தது. அதிலே திருக்குறட் பா ஒன்றும் எடுத்தாளப்பட்டிருக்கிறது. திருக்குறளின் அறத்துப்பாலிலிருந்து தொடக்க அதிகாரங்கள் சிலவற்றை அவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து விரிவான உரையும் எழுதினார். அப்பணி முற்றுப்பெறவில்லை. திருவள்ளுவர் உருவம் பொறித்த பழைய பொன் நாணயங்கள் அவர் முயற்சியால் அடிக்கப்பட்டவை என்று கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் கருதினார். படித்த நூலைப் பரீட்சையோடு மூடிவைக்காமல், கிணற்றடியில் குடத்தோடு நிற்கும் பெண்டிருக்குப் பயன்படுமாறு செய்தவர் அவர்.

எல்லீஸின் முடிவு பரிதாபமானது. நாற்பது வயது நிரம்பும்வரை பெருநூல் எதையும் வெளியிடுவதில்லை என்று அவர் விரதம் பூண்டிருந்தாராம். பழம்பொருள் ஆராய்ச்சிக்காகத் தென்ஜில்லாக்களிற் பிரயாணம் செய்துகொண்டிருந்த அவர், 1819-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இராமநாதபுரத்தில், மருந்தென்று எண்ணித் தவறுதலாக விஷத்தை உட்கொண்டு இறந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்றளவே. அவர் சேர்த்த குறிப்புகளும் சுவடிகளும் ஏலத்திற் போயின; விலைபோகாத காகிதங்கள் மதுரைக் கலெக்டர் பங்களாவின் அடுப்பிற்கு விறகாயின என்று சர் வால்டர் எலியட் எழுதிவைத்திருக்கிறார். தப்பிய சில எலியட்டிடமிருந்து போப்பையரின் கைக்கு மாறி, ஆக்ஸ்போர்டு நூல்நிலையத்தில் சேர்ந்தன. ஒரு மனிதர் இருபது வருஷங்கள் தேடிய கல்வி சோறு வேகப் பயன்பட்டது என்பதை நினைக்க நெஞ்சம் பதறுகிறது.

கல்லூரி அவருக்குப் பின்னும் நடந்தது. நுங்கம்பாக்கத்தில் கூவம் நதிக்கரையில் பின்னர் அது குடியேறிய இடத்தின் நினைவாகவே இன்றும் கல்லூரிச் சாலை என்னும் பெயர் வழங்குகிறது. ஆயினும் நாளாக நாளாகக் கற்பிப்பது குறைந்து பரீட்சை நடத்துவதே மிஞ்சிற்று. 1854-இல் கல்லூரி எடுபட்டது. பரீட்சகர் சபை ஒன்று அதன் இடத்தில் நின்றது. கற்பிக்கும் செலவு மிச்சம், பரீட்சை மட்டும் போதும் என்று எண்ணும் சர்க்காரின் வழக்கம் புதியதன்று என்பதை இதனால் அறியலாம்.

இச்சரித்திரத்தை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? எல்லீஸ் நல்லவர், கல்விமான், இந்நாட்டாரை இகழாதவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் ஏற்படுத்திய கல்லூரியில் ஓர் அநீதி அஸ்திவாரத்திலேயே இருந்தது. தமிழும் தர்ம சாஸ்திரமும் தலைகீழாய் அறிந்த சிதம்பர வாத்தியார் போன்றவர்கள் ஆசிரியராகலாம். அவர்களிடம் அரிச்சுவடி கற்ற வாலிபன் கலெக்டராகலாம். ஆசிரியர் கலெக்டராக முடியாது. கற்பிக்கும் தகுதி உடையவனுக்கு ஆளும் தகுதி இல்லை என்று சட்டம் சொல்லிற்று. நிறம் காரணமாக ஒருவரையும் விலக்கலாகாது என்று 1833-ஆம் வருஷத்துச் சாசனம் கூறியும், இந்தியர் ஒருவர் சிவில் சர்வீஸில் முதன்முதலாகத் தேறியது 1863-இல்தான். அவர் சத்தியேந்திரநாத தாகூர். பரீட்சை லண்டனில் மட்டும் நடந்ததால் கடல் கடந்து போகும் வசதியுள்ளவர்களுக்கே அது எட்டியது. இந்தியாவிலும் பரீட்சை நடத்த 1922 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அன்னிய ஆட்சியில் உத்தியோகஸ்தர் பயிற்சி என்பது, ஆளப்படுகிறவர்களை அறிந்துகொண்டு ஆள்வதற்கான பயிற்சியே. குடிகளுக்கு ஊழியம் செய்யும் பயிற்சி என்று அதனைச் சொல்ல இயலாது.

1947-இல் அந்த அநீதி நீங்கிற்று. அவ்வருஷமே டில்லியில் மெட்காப் மாளிகையில் இந்திய நிர்வாக சர்வீஸிற்கான பயிற்சிப் பள்ளி ஏற்பட்டது. 1959-இல் அது முசூரியில் தேசியக் கலாசாலையாக விரிந்து, பின்னர் லால்பகதூர் சாஸ்திரியின் பெயரைப் பெற்றது. நமது ராஜ்யத்தில் பவானிசாகரத்தில் இளநிலை ஊழியர்கள் பயிற்சி பெறுகிறார்கள். தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் 1956-இல் நிறைவேறிற்று. உத்தியோகத் தேர்வில் தமிழ்த்தாள் ஒன்றில் தேறியே தீரவேண்டும் என்று 2021-இல் உத்தரவு பிறந்தது. இவையெல்லாம் வரவேற்கத்தக்கவை.

எனினும் எல்லீஸ் எழுப்பிய கேள்வி தீர்ந்துவிட்டதாக நாம் எண்ணுவதற்கில்லை. ஆளுகிறவரும் ஆளப்படுகிறவரும் ஒரே பாஷை பேசினாலே ஒருவரையொருவர் புரிந்துகொள்வார்கள் என்பது நிச்சயமில்லை. தமிழிலேயே எழுதிய நோட்டீஸ் தமிழனுக்குப் புரியாமற் போவதை நேயர்கள் அறிவார்கள். கச்சேரித் தமிழைக் குடியானவனுக்குப் பொருள் சொல்ல இன்றும் வாசலில் ஒருவர் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறார். துபாஷி போய்விட்டார், துபாஷியின் நாற்காலி போகவில்லை. உத்தியோகத்தில் சேர்ந்தபோது சில வாரங்கள் கேட்ட பாடமே முப்பது வருஷ ஊழியத்திற்கும் போதுமென்று விடுவதும், ஓய்வுபெறும் ஊழியரின் அனுபவ ஞானத்தை ஒருவரும் கேட்டு எழுதிவைக்காமல் அவரோடு வீட்டிற்கு அனுப்பிவிடுவதும், எல்லீஸின் காகிதங்களை அடுப்பில் இட்டதற்கு எவ்வகையிற் குறைந்தவை?

நாம் வேண்டுவது இவ்வளவே. பயிற்சியைச் சம்பிரதாயமாகக் கருதாமல் ஊழியத்தின் அங்கமாகக் கருத வேண்டும். கற்பிக்கிறவர்களைத் தண்டனைக்காக மாற்றி அனுப்பப்பட்டவர்களிலிருந்து பொறுக்காமல், இலாகாவிலேயே மிகச் சிறந்தவர்களிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். அவர்கள் எழுதும் பாடநூல்கள் நம் ஊர்களின் நிலத்தையும் நீரையும் வழக்கத்தையும் ஆராய்ந்து எழுதியவையாக இருக்க வேண்டும். பரீட்சையில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதோடு, கச்சேரிக்கு வந்த குடியானவன் எத்தனை முறை நடக்க நேர்ந்தது என்பதையும் கணக்கிட வேண்டும்.

நம்மை ஆள வந்தவர் ஒருவர், நம் பாஷையைக் கற்காமல் நம்மிடம் வரி கேட்கலாகாது என்று தம் இனத்தாருக்கு விதித்தார். நமது வரிப்பணத்திற் சம்பளம் பெற்று நமக்கே ஊழியம் செய்ய வந்த நம்மவர்களுக்கு அதைவிடக் குறைந்த விதியை ஏற்படுத்துவது சுயராஜ்யத்திற்கு அழகாகாது.